மொட்டை மாடியில் நாற்பது நிமிடம்

என் கணவரின் தலையைக் குறிபார்த்துத் தோசைக்கல்லை எறிந்த வாரத்தில்தான் நான் தியான வகுப்பில் சேர்ந்தேன். கல் அவர்மேல் படவில்லை. ஃபிரிட்ஜின் கதவில் மோதி, அதைப் பள்ளமாக்கிவிட்டுத் தரையில் விழுந்து, விழுந்த இடத்தில் டைல்ஸையும் உடைத்தது. சூடான எண்ணெய் சுவரெங்கும் தெறித்தது. அவர் சொன்னதெல்லாம் தோசை ஆறிப்போயிருக்கிறது என்பதுதான். பள்ளிச் சீருடையில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் எழவில்லை, அழவில்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அன்று முழுவதும் அது என் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஒரு குழந்தைக்கு இது பழகிப்போயிருக்கிறது.

பிரேசர் டவுனில் ஒரு சிறிய பரிசோதனைக்கூடத்தில் இரத்தம் எடுப்பது என் வேலை. பதினைந்து வருடமாக அதே வேலை. நரம்பே கிடைக்காத கிழவர்கள், உதறி அழும் கைக்குழந்தைகள் என்று கஷ்டமான ஆட்களை என்னிடம்தான் அனுப்புவார்கள். "ஊசி போட்டதே தெரியலம்மா" என்று பல பேர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். மாலையில் மர்பி டவுனில் இருக்கும் எங்கள் வாடகை வீட்டின் படியேறும்போது அதே கைக்கு வேறு குணம் வந்துவிடும். கரண்டி, சீப்பு, ஸ்கேல், கையில் எது இருந்தாலும் அடித்தேன். எதுவும் இல்லாவிட்டால் வெறும் கை.

இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன். நான் பிறந்தது கோலார் தங்கவயலில். அப்பா சுரங்கத்தில் இறங்கியவர். ஏறி வந்தால் பெல்ட்டைக் கழற்றுவார். அம்மா, தங்கை, நான், யாருக்கு முதலில் விழும் என்று சொல்ல முடியாது. சில நாட்களில் பூமிக்கடியில் பாறை வெடித்துச் சரியும். மேலே தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகள் குலுங்கும், பலகையில் அடுக்கிய பாத்திரங்கள் உருண்டு விழும். அப்போது ஓங்கிய கையோடு அப்பா அப்படியே நின்றுவிடுவார். மொத்த லைனும் மூச்சுவிடாமல் நிற்கும். விபத்துச் சங்கு ஊதுகிறதா என்று எல்லோரும் காது கொடுத்துக் கேட்பார்கள். அந்தச் சில நொடிகள் எனக்குப் பிடித்திருந்தன. கீழே யாரோ நசுங்கியிருக்கலாம் என்று தெரிந்தும் பிடித்திருந்தன. அமைதி என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு ஞாபகம் வருவது அதுதான்.

வகுப்பு ஞாயிற்றுக்கிழமை காலைகளில், காக்ஸ் டவுனில் ஒரு கூடத்தில் நடந்தது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அம்மையார் நடத்தினார். முப்பது பேர் பாய் விரித்து உட்காருவோம். அவர் குரல் மெதுவாக இருக்கும்.

"சத்தம் வந்தா வரட்டும், போனா போகட்டும். நீங்க அது பின்னாடி போகாதீங்க. உங்களுக்கு வெளியில எதுவும் இல்ல. இந்தப் பிரபஞ்சம் மொத்தமும் உள்ளதான் இருக்கு."

அவர் சொன்னதை நான் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை, இன்றும் இல்லை. மூன்றாவது மாதத்தில் ஒரு ஞாயிறு, உட்கார்ந்திருந்தபோது என் தோல் எங்கே முடிகிறது என்று தெரியாமல் போனது. ஜன்னல் வழியாக முழங்காலில் விழுந்த வெயிலும் என் உடம்பின் சூடும் ஒன்றாகவே இருந்தன. பயமாக இல்லை. கண்ணைத் திறந்தபோது கன்னம் நனைந்திருந்தது. அது உண்மையாகவே நடந்தது. அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றையும் மீறி அதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன்.

ஞாயிறு மட்டும் போதவில்லை. தினமும் காலையில் வீட்டு மொட்டை மாடியில் நாற்பது நிமிடம் உட்கார ஆரம்பித்தேன். அதற்கென்று சில விதிகள் போட்டேன். அந்த நேரத்தில் மிக்ஸி ஓடக்கூடாது. குக்கர் விசில் கேட்கக்கூடாது. டிவி கிடையாது. யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. மகள் வெறுங்காலில் நடக்கக் கற்றுக்கொண்டாள். கணவர் இருமல் வந்தால் துண்டை வாயில் பொத்திக்கொள்வார். ஆறு மாதம் நான் யாரையும் அடிக்கவில்லை. வகுப்பில் அதை எழுந்து நின்று சொன்னேன், கைதட்டினார்கள். வீட்டில் இரண்டு பேர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அந்த நாள் ஒரு வேலை நாள். வெயில் ஏறவில்லை. நான் உட்கார்ந்து பாதி நேரம் ஆகியிருக்கும். நன்றாக அடங்கியிருந்தேன், பல நாட்களாகக் கிடைக்காத அடக்கம். கீழேயிருந்து மகளின் குரல் வந்தது.

"மம்மி."

வரட்டும், போகட்டும்.

"மம்மி." இந்த முறை படிக்கட்டிலிருந்து. அந்தக் குரலில் ஏதோ சரியில்லை என்று எனக்குக் கேட்டது. பல வருடம் நான் இதைப் பற்றி எனக்கே பொய் சொல்லிக்கொண்டேன். ஆனால் கேட்டது. கேட்டும் கண்ணைத் திறக்கவில்லை. போகட்டும் என்று விட்டேன். விட முடிந்ததில் ஒரு பெருமைகூட இருந்தது.

பிறகு ஒரு கை என் தோளைப் பிடித்து உலுக்கியது.

திரும்பியதும் அறைந்ததும் ஒரே அசைவு. விரிந்த உள்ளங்கை முழுதாக அவள் இடது காதின்மேல் விழுந்தது. என் முழு பலம். பதிமூன்று வயது, ஒல்லியான பிள்ளை. பக்கவாட்டில் போய்த் தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டு விளிம்பில் மோதி விழுந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவள்மேல் குனிந்து நின்றேன். "எத்தன வாட்டி சொல்லியிருக்கேன். எத்தன வாட்டி." இன்னொரு அடிக்குக் கை ஓங்கியிருந்தது.

அவள் காதைப் பொத்திக்கொண்டு சொன்னாள். கத்தவில்லை. பள்ளியில் டீச்சர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல் சொன்னாள்.

"டாடி கீழ விழுந்துட்டாரு. எழுந்திருக்க மாட்டேங்குறாரு."

அவர் சமையலறைத் தரையில் கிடந்தார். பனியன் முழுக்க வியர்வை. தாடை இறுகியிருந்தது, மூச்சு குறட்டைபோல் இழுத்துக்கொண்டிருந்தது. கால் ஒன்று வெட்டி வெட்டி இழுத்து அலமாரிக் கதவை உதைத்துக்கொண்டிருந்தது. அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு உடனே சாப்பிட்டாக வேண்டும். அன்று போட்டுக்கொண்டார், சாப்பிடவில்லை. பொங்கல் வேக குக்கர் வைக்க வேண்டும், குக்கர் வைத்தால் விசில் சத்தம் வரும், நான் இறங்கி வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார். முந்தின இரவும் சரியாகச் சாப்பிடாதவர்.

நாள் முழுக்க ஊர்க்காரர்களின் சர்க்கரையைப் பார்ப்பவள் நான். அவர் விரலைக் குத்தி மீட்டரில் வைத்தேன். எண்ணே வரவில்லை, 'லோ' என்று காட்டியது. சர்க்கரையை விரலில் தொட்டு அவர் ஈறில் தேய்த்தேன். பல் இறுகி என் விரலைக் கடித்துவிட்டது. அவர் இரத்தமும் என் இரத்தமும் சர்க்கரையும் கலந்து தரையில் பிசுபிசுத்தது. கீழ்வீட்டு ஆட்டோக்காரர் ஓடிவந்தார். மூன்று பேரும் சேர்ந்து அவரைத் தூக்கிப் படியில் இறக்கினோம். மகள் கால்களைப் பிடித்துக்கொண்டாள், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தபடி.

ஆஸ்பத்திரியில் ஊசி ஏறின கொஞ்ச நேரத்தில் கண் திறந்தார். "இன்னா ஆச்சு? எதுக்கு எல்லாரும் நிக்கிறீங்க?" என்றார். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். அப்போதுதான் மகளின் சட்டைக் காலரைப் பார்த்தேன். காதிலிருந்து வழிந்த இரத்தம் கழுத்து வழியாக இறங்கி, காலரில் காய்ந்து பழுப்பாகியிருந்தது. அதற்குள் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இரத்தத்தை வைத்துப் பிழைக்கிறவள் அதைப் பார்க்கவில்லை.

காது மருத்துவர் ஒரு இளம் பெண். செவிப்பறையில் பெரிய கிழிசல் என்றார். எப்படி ஆனது என்று மகளிடம் கன்னடத்தில் கேட்டார்.

"பால் பட்டுருச்சு டாக்டர். த்ரோபால்" என்றாள் மகள், என்னைப் பார்க்காமலே.

மருத்துவர் அவள் கன்னத்தைப் பார்த்தார். நான்கு விரல்களின் தடம் எழும்பி நின்றது. பேசாமல் இருந்திருந்தால் அந்தப் பந்துக் கதையோடு முடிந்திருக்கும். பேசாமல் இருக்கத்தான் நினைத்தேன். வாய் தானாகச் சொன்னது.

"நான் அடிச்சேன்."

மகள் அப்போதுதான் என்னைப் பார்த்தாள். நன்றியோ ஆச்சரியமோ இல்லை. காட்டிக்கொடுத்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். எங்கள் வீட்டு ரகசியத்தை அவள் அத்தனை காலம் காப்பாற்றி வைத்திருந்தாள், நான் அதை ஒரு வெளியாளிடம் போட்டு உடைத்துவிட்டேன்.

மருத்துவர் எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதினார். மறுநாள் ஆஸ்பத்திரியின் ஆலோசகர் ஒருவர் மகளைத் தனியாக வைத்துப் பேசினார். பிறகு எங்கள் இரண்டு பேரிடமும் பேசினார். கொஞ்ச நாள் அவள் வேறு வீட்டில் இருப்பது நல்லது என்றார். கோலார் தங்கவயலில் இருக்கும் என் தங்கை வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். தங்கை என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் பேசினாள்.

"அவரு செத்தப்ப இதெல்லாம் முடிஞ்சிச்சுன்னு நெனச்சேன்க்கா."

அவர் என்றது எங்கள் அப்பாவை.

அடுத்த ஞாயிறு கூடத்துக்குப் போய் அந்த அம்மையாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது. "நான் அப்படிச் சொல்லவே இல்லையேம்மா. பிள்ளை கூப்பிட்டாக்கூடப் போகாதீங்கன்னு நான் சொல்லவே இல்லையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மைதான், அவர் சொல்லவில்லை. அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒருவர், எல்லாம் பூர்வஜென்மக் கணக்கு, மனசை அலட்டிக்கொள்ள வேண்டாம் என்றார். அவர் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும்போல் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மறுபடி போகவில்லை.

மகள் இல்லாத வீட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் அமைதி இருந்தது. நான் மாடிக்கே போகவில்லை. ஒரு மாலை பாத்திரம் கழுவும்போது கை தவறி ஒரு டம்ளர் விழுந்தது. பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி மறைத்துக்கொண்டார். ஐம்பது வயதை நெருங்கும் ஆள். நான் அறை வாசலில் நின்று அதைப் பார்த்தேன். அவர் கையை இறக்கினார், அசட்டுச் சிரிப்பு சிரித்தார்.

"உங்களுக்கு என்கிட்ட பயமா?" என்று கேட்டேன்.

"நீ படியேறி வரச்சொல்லவே நாங்க ரெண்டு பேரும் செருப்புச் சத்தத்த கேட்டுகினு இருப்போம். இன்னிக்கு எப்படின்னு அதுலயே தெரிஞ்சிடும். டக் டக்குனு வந்தா அவ புஸ்தகத்த எடுத்துடுவா. நான் பாத்ரூமுக்குள்ள பூந்துடுவேன்." பேப்பரை மடித்தார். "நீ மாடில தியானம் பண்ண. நாங்க அத கீழ வருஷக்கணக்கா பண்ணிகினு கீறோம்."

குத்திக் காட்டுவதற்காக அவர் சொல்லவில்லை. கேட்டேன், சொன்னார். நான் சிங்க்குக்குத் திரும்பிப் போய், விழுந்த டம்ளரை எடுத்துக் கழுவினேன். அவர்களுக்கு என்னைப் பற்றித் தெரிந்திருந்ததில் கால்வாசிகூட எனக்கு என்னைப் பற்றித் தெரிந்திருக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து மகள் திரும்பி வந்தாள். கிழிசல் தானாக மூடவில்லை, அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு ஓரளவு கேட்டது. ஆனால் காதுக்குள் விடாமல் ஓர் இரைச்சல் இருக்கிறது என்றாள். "ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல நின்னா வருமே, அப்படி." தியான வகுப்பில் பிரபஞ்சத்தின் நாதம் என்று ஒன்றைப் பற்றி அடிக்கடி பேசுவார்கள், அதைக் கேட்க வேண்டும் என்று நான் எவ்வளவோ ஆசைப்பட்டிருக்கிறேன்.

அமைதியான பிள்ளை அமைதியாகத் திரும்பவில்லை. அலமாரிக் கண்ணாடியைக் காலால் உதைத்து உடைத்தாள். என் செல்போனை ஜன்னல் வழியாக ரோட்டில் எறிந்தாள், ஒரு டெம்போ அதன்மேல் ஏறிப் போனது. பள்ளியில் ஒரு பெண்ணின் கையைக் கடித்துத் தோலைக் கிழித்ததாக எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வீட்டில் ஒருநாள் தலைவாரப் போன என் முழங்கையில் சீப்பின் கூர்முனையைச் செருகினாள். ஒவ்வொரு முறையும் என் தோளிலிருந்து அந்தப் பழைய கோபத்தின் சூடு இறங்கி உள்ளங்கைக்கு வரும். விரல்கள் தாமாக விரியும். நான் எழுந்து பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிடுவேன். ஒருமுறை அங்கே சுவரைக் குத்தியதில் விரல் எலும்பில் விரிசல் விழுந்தது. பரிசோதனைக்கூடத்தில் மூன்று வாரம் ஊசி பிடிக்க முடியவில்லை.

அந்த மூன்று வாரத்தில்தான் மறுபடி மாடிக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. நேரம் குறிக்கவில்லை, கண் மூடவில்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தக் கைக்கு என்ன வேண்டும் என்று பார்த்தேன். உட்கார்ந்தால் வந்ததெல்லாம் அடிதான். அப்பாவின் பெல்ட், அம்மாவின் உடைந்த பல், என் மகள் சிமெண்டில் மோதிய சத்தம். கடைசியில், அடிக்கும்போது எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதும் வந்தது. அதைப் பார்ப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

ஒரு மாலை மழை மேகம் கூடியிருந்தது. துணி எடுக்க வந்த மகள் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"திரும்ப ஆரம்பிச்சிட்டியா?"

நான் வாய் திறப்பதற்குள் கையிலிருந்த வாளியை என்மேல் வீசினாள். அதன் கைப்பிடி என் புருவத்தைக் கிழித்தது. பிறகு அவளே வந்து விழுந்தாள். முகத்தில், கழுத்தில், மார்பில், இரண்டு கையாலும் குத்தினாள். "உக்காரு. இன்னும் உக்காரு. டாடி சாவட்டும், நீ உக்காரு." என் இரண்டு கைகளும் மேலே வந்துவிட்டன. அடிக்கவா, தடுக்கவா, எனக்கே தெரியாது. இரத்தம் கண்ணில் இறங்கி அவள் முகம் சிவப்பாகத் தெரிந்தது. கண்ணை மட்டும் மூடக்கூடாது என்று இருந்தேன்.

அப்போது எல்லாம் ஒன்றாகக் கேட்டது. அவள் மூச்சு இரைப்பது, என் எலும்பில் அவள் கைமுட்டி விழுவது, அல்சூர் பக்கமிருந்து பஸ்களின் ஹாரன், தூரத்து மசூதியின் பாங்கு, யார் வீட்டிலோ குக்கர் விசில், மேலே இடி உருளுவது. எதையும் போகட்டும் என்று தள்ள வேண்டியிருக்கவில்லை. எதுவும் எனக்கு வெளியில் இல்லை. அவளுடைய கோபமும் எனக்கு வெளியில் இல்லை, என்னிடமிருந்து போனதுதான், அதே வழியில் திரும்பி வந்துகொண்டிருந்தது. முன்பு வெயிலில் தோல் கரைந்தபோது சுகமாக இருந்தது. இப்போது உடம்பெல்லாம் வலித்தது. ஆனால் இரண்டும் ஒன்றுதான் என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. என் கைகள் எப்போது இறங்கின என்று கவனிக்கவில்லை. அவை மடியில் கிடந்தன, திறந்தபடி.

அவள் களைத்துப்போய் நிறுத்தினாள். மழை பெரிய துளிகளாக விழ ஆரம்பித்திருந்தது. என் நெற்றியைப் பார்த்தாள். கொடியிலிருந்து அவள் அப்பாவின் வேட்டியை உருவிச் சுருட்டி என் புருவத்தில் அழுத்தினாள். அழுத்தமாக, வலிக்கும்படி.

"ஏன் திருப்பி அடிக்கல?" என்றாள்.

"தெரியல."

"பயமா?"

"பயம்தான். உன்ன பாத்து இல்ல."

இருவரும் நனைந்தோம். அவள் வேட்டியை எடுத்துப் பார்த்து, "ரத்தம் நிக்கல, தையல் போடணும்னு நெனக்கிறேன்" என்றாள். அவள்தான் கீழ்வீட்டு ஆட்டோக்காரரைக் கூப்பிடப் போனாள். மூன்று தையல் போட்டார்கள். எப்படி ஆச்சு என்று நர்ஸ் கேட்டபோது மகள் முந்திக்கொண்டு, "நான்தான் அடிச்சேன்" என்றாள். நர்ஸ் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். அவள் அந்த ஆலோசகரிடம் ஒன்றரை வருடம் போனாள், நானும் தனியாகப் போனேன். பொருள் உடைவது குறைந்தது. இன்று அவள் கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறாள். யாராவது இடது பக்கம் நின்று பேசினால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருவாள். என்னை மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்டதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டு அவளுக்கு இன்னொரு வேலை வைக்கக் கூடாது.

என் கோபமும் போகவில்லை. போன வாரம்கூட, பல்கலைக்கழகப் படிவம் ஒன்றைக் கடைசி நாள்வரை நிரப்பாமல் வைத்திருந்ததற்காக அவளோடு பெரிய சண்டை. கத்தினேன், அவளும் கத்தினாள். தோளிலிருந்து சூடு இறங்கியது. சமையலறையில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே ரோட்டில் பஸ் ஒன்று திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தது, இரண்டு பக்கமும் ஸ்கூட்டர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன, கண்டக்டர் இறங்கிக் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். அந்தக் கத்தலும் என் நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்ததும் ஒரே தாளத்தில் இருந்தன. பஸ் நகரும்வரை நின்றேன். கை ஆறியது.

திரும்பி வந்தபோது மகள் தரையில் படுத்துக்கொண்டு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, தன் பிளட் குரூப் என்ன என்று கேட்டாள்.